தொட்டியிலிருந்து வயலுக்கு எப்போது?

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



ஒவ்வொரு வருஷமும் நம்ம புராஜெக்ட் கண்காட்சியில் ஒரு ஐட்டம் தவறாமல் இருக்கும். அதுதான் 'தானியங்கி நீர்ப்பாசனம்'. ஒரு பூந்தொட்டி, அதில் செருகிய இரண்டு கம்பி, ஆர்டுயினோ போர்டு, ரிலே, ஒரு குட்டி மோட்டார். மண் காய்ந்திருந்தால் மோட்டார் ஓடும். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் நின்றுவிடும். கைதட்டல், போட்டோ, மார்க்! அப்புறம் அந்தத் தொட்டி வராண்டா மூலைக்குப் போய்விடும். இப்போதெல்லாம் இதை ரெக்கார்டு நோட்டு பைண்டிங்கோடு ரெடிமேடாகவே விற்கிறார்கள்.

கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அந்தத் தொட்டிக்குள் இருப்பதுதான் உலகம் முழுக்கப் பேசப்படும் துல்லியப் பண்ணையத்தின் கரு. வயல் பூராவும் ஒரே அளவு தண்ணீர், ஒரே அளவு உரம் என்று கொட்டாமல், எந்த இடத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் கொடுப்பது. அதற்கு வரைபடம், சென்சார், வானத்திலிருந்து எடுத்த படம் மூன்றும் வேண்டும். மூன்றுமே இன்று கிடைக்கின்றன. பின்னே என்ன குறை? அந்தக் கருவிகள் சொல்வது சரிதானா என்று மண்ணில் இறங்கிப் பார்க்க ஆளில்லை. அந்த ஆள் டிப்ளமோ படித்த நாம்தான் என்பது என் கட்சி.

முதலில் வானத்தைப் பார்ப்போம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம். அதில் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம்ம கணக்கில் சுமார் இரண்டரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 22 சென்ட். செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்.டி.வி.ஐ. பயிர் எங்கே வாடுகிறது என்று அது சொல்லும். ஏன் வாடுகிறது? தண்ணீர்க் குறையா, பூச்சியா, உப்பா? அதைச் சொல்லாது!

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதற்குள் லேண்ட்சாட் புள்ளி எட்டுதான் விழும். அதிலும் ஓரத்துப் புள்ளியில் பாதி வரப்பு, பாதி பக்கத்து வயல். நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே வயலாகக் கிடக்கும் அமெரிக்கப் பண்ணைக்கு இது பெரிய விஷயமில்லை. நமக்குப் பெரிய விஷயம்.

மண் பரிசோதனையிலும் இதே கதைதான். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில், பாசன நிலமென்றால் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி, மானாவாரி என்றால் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று வைத்தார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் நம்ம சராசரிக்கு மூன்று பேர் நிலத்துக்கு ஒரே மண் என்று ஆகிறதே! மேட்டு வயல்காரர் மண்ணை வைத்துப் பள்ளத்து வயல்காரருக்கு உரம் எழுதிக் கொடுத்தால் துல்லியம் எங்கே இருக்கிறது?

இப்போது நம்ம சென்சாருக்கு வருவோம். புரோகிராமில் ஒரு வரி இருக்கும்: ரீடிங் 500-ஐத் தாண்டினால் மோட்டாரை ஓட்டு. 500 என்ன? கிராமா, சதவீதமா? போர்டு 0 முதல் 1023 வரை காட்டும் வெறும் நம்பர் அது. மணற்பாங்கான மண்ணில் 20 சதவீத ஈரம் என்றால் தாராளம். கெட்டிக் களிமண்ணில் அதே 20-ல் பயிர் வாட ஆரம்பிக்கலாம். கம்பி சென்சாரில் டி.சி. கரண்ட் ஓடிக்கொண்டே இருந்தால் ஈர மண்ணில் கம்பி அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் சென்சார் பரவாயில்லை என்றாலும், மண்ணின் உப்பும் சூடும் அதன் ரீடிங்கை மாற்றும். கரிசல் காய்ந்து வெடித்தால் சென்சார் மண்ணை அளக்காது, விரிசலில் உள்ள காற்றைத்தான் அளக்கும்! தொட்டியில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவியைப் பாருங்கள். நம்பரே இல்லை, கலர் விளக்குதான். நீலம் எரிந்தால் ஈரம் ஏராளம், சிவப்பு எரிந்தால் உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வயல்காரருக்குத் தேவை அவ்வளவுதானே?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004 முதல் 2007 வரை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டம் நடத்தியது. அங்கே கைகொடுத்தது வானத்துப் படம் அல்ல. சொட்டுநீர்க் குழாயில் கரைத்துவிட்ட உரமும், குழித்தட்டு நாற்றும், வயலுக்கே வந்து சொல்லிக் கொடுத்த ஆட்களும்தான்.

"நாம கம்பெனி வேலைக்குத்தானேப்பா படிக்கிறோம்?" என்று சிலர் கேட்கலாம். சரி, ஆனால் டிரோனையும் சொட்டுநீர் செட்டையும் விற்பதும் கம்பெனிதானே! விற்றதற்கு அப்புறம் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், ரீடிங் தப்பாக வந்தால், யாரைக் கூப்பிடுவது?

அதனால் பேரவை மூலமாக ஒரு கோரிக்கை. வரும் ஆண்டில் இந்தப் புராஜெக்டை சிவில், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ் மூன்று டிபார்ட்மெண்டும் சேர்ந்து செய்ய அனுமதி வேண்டும். தொட்டி கூடாது, ஒரு ஏக்கர் நிஜ வயல் வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் பசங்க சென்சார் பதிக்கட்டும். எலக்ட்ரிக்கல் பசங்க குட்டி மோட்டாரை விட்டுவிட்டு, மூன்று ஃபேஸ் ஸ்டார்ட்டரோடு மல்லுக்கட்டட்டும். ஒரு ஃபேஸ் போனால் என்ன ஆகும் என்று அப்போது தெரியும். லெவல் எடுத்து மேடு பள்ளம் குறிப்பதும், சென்சார் பக்கத்து மண்ணை எடுத்து எடை போடுவதும் எங்கள் வேலை. நம்ம சாயில் லேபில் ஓவன் இருக்கிறது. 105 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து மறுபடி எடை போட்டால், 500 என்ற நம்பருக்கு அந்த மண்ணில் என்ன அர்த்தம் என்று தெரிந்துவிடும். சென்சாரை எங்கே பதிப்பது என்பதை மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டாம். "எந்த மூலை முதலில் வாடும்?" என்று வயல்காரரைக் கேட்டுப் பதிப்போம்.