காற்றை அளந்த அரசு கிணற்றை அளக்காதா?

மரபுசாரா எரிசக்தி என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது காற்றாலையும் சோலார் தகடும்தான். கண்காட்சியில் மாடல் வைக்கும்போது ஒரு இறக்கையைச் சுழலவிட்டு ஒரு சின்ன விளக்கை எரியவைத்துவிட்டால் போதும், கைதட்டல் கிடைத்துவிடுகிறது. தவறில்லை. ஆனால் நிஜமான காற்றாலை சுற்றுவதற்குப் பல வருடங்கள் முன்பே யாரோ ஒருவர் பொட்டல் வெளியில் கம்பம் நட்டுக் காற்றை அளந்திருக்கிறார். அதை எந்த மாடலும் காட்டுவதில்லை. அந்த அளக்கிற வேலையைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத ஆசைப்படுகிறேன். மாணவத் தோழர்களும் தோழியரும் பொறுமையோடு படிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும்!

ஏன் அளக்க வேண்டும்? காற்றில் உள்ள சக்தி அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நொடிக்கு 5 மீட்டர் என்றால் 125 பங்கு. 6 மீட்டர் என்றால் 216 பங்கு. வேகம் கூடியது ஒரே ஒரு மீட்டர், சக்தி ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு! ஆகவே "இங்கே நல்லாக் காத்தடிக்கும்" என்று ஊர்க்காரர் சொல்வதை மட்டும் நம்பி யாரும் கோடிக்கணக்கில் பணம் போட முடியாது.

இந்தியாவில் அந்த அளவு வேலையை முன்னின்று செய்தவர் அன்னா மணி என்ற பெண் விஞ்ஞானி. 1918ல் கேரளத்துப் பீர்மேட்டில் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், பெங்களூரில் சர் சி.வி.ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். ஆய்வேட்டை எழுதி முடித்தும் இவருக்கு டாக்டர் பட்டம் கிடைக்கவில்லை. எம்.எஸ்ஸி. முடிக்கவில்லை என்பதுதான் சென்னைப் பல்கலைக்கழகம் சொன்ன காரணம். 'வெறும் டிப்ளமோதானே' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன நமக்கு இந்தச் செய்தி இனிக்கத்தானே செய்யும்! அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1948ல் வானிலைத் துறையில் சேர்ந்தார், அளவு கருவிகளை நம் நாட்டிலேயே செய்யவைத்தார். 1976ல் ஓய்வுபெற்ற பிறகும் விடாமல், அரசு நிதியில் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றை அளக்கும் பணியை நடத்தினார். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் வந்த முதலீடு இந்த மாதிரி எண்களை நம்பித்தான் வந்தது.

கயத்தாறு என்றால் 1799ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். மத்திய அரசின் காற்றாலைச் சோதனை நிலையமும் அங்கேதான் இருக்கிறது. 1998ல் சென்னையில் தொடங்கிய காற்றாலைத் தொழில்நுட்ப மையம், இன்றைக்கு தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் என்ற பெயரோடு அதை நடத்துகிறது. இந்த நிறுவனம் போட்ட கணக்கைப் பாருங்கள். தரையிலிருந்து 100 மீட்டர் உயரத்தில் இந்தியாவின் காற்று மின் வாய்ப்பு சுமார் 302 ஜிகாவாட். 120 மீட்டரில் 695. 150 மீட்டரில் 1,164. நாட்டில் காற்று திடீரென்று கூடிவிடவில்லை. மேலே ஏறி அளந்தார்கள், கணக்கிடும் முறையும் மேம்பட்டது, அவ்வளவுதான். 1986ல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் இயந்திரங்களோடு ஆரம்பித்த தமிழகம் இன்றைக்குக் காற்றில் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. அரசாங்க ஆராய்ச்சி எல்லாம் வெட்டிச் செலவு என்று டீக்கடையில் பேசுகிறவர்களுக்கு இதைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

சரி, பாராட்டு போதும். இனிமேல்தான் என் ஆதங்கம்.

தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இத்தனை பாடுபட்டு எடுக்கும் மின்சாரத்தில் ஒரு பெரிய பங்கு எங்கே போகிறது? வயலுக்குப் போகிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்ப்செட்டுகள் இருக்கின்றன. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் உண்டு. அது வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லாததால் ஒரு மோட்டார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது, எவ்வளவு தண்ணீர் கொடுக்கிறது என்று யாருக்குமே தெரியாது. ஒரு குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று உத்தேசமாகக் கணக்கு எழுதிக்கொள்கிறார்கள். 150 மீட்டர் உயரத்துக் காற்றைத் தசமப் புள்ளியோடு அளக்கிறோம், காலடியில் இருக்கிற கிணற்றை அளக்கவில்லை!

எங்கள் வீட்டில் பம்ப்செட் கிடையாது. எங்க அப்பா அடுத்தவர் தோட்டத்தில் தண்ணி பாய்ச்சுகிறவர். மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்த காலமெல்லாம் டார்ச் லைட்டும் கம்புமாக வரப்பில் உட்கார்ந்திருப்பார். பாம்புக்குப் பயந்து அம்மா தூங்கவே மாட்டாள். மோட்டார் ஆறு மணி நேரம் ஓடி இறைக்கும் தண்ணீரை மூன்றரை மணி நேரத்தில் இறைக்க முடியும் என்றால் அது யூனிட் கணக்கு மட்டும் இல்லை, அப்பாவின் தூக்கக் கணக்கும்தான். எரிசக்திச் சிக்கனம் என்ற பாடத்தை நான் இப்படித்தான் புரிந்துகொண்டேன்.

முடியுமா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்க ஊர் அண்ணன் ஒருவருடைய வைண்டிங் கடையில் கைவேலை செய்கிறேன். எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். பழைய கம்பியை உருவ வசதியாக ஸ்டேட்டரை நெருப்பில் வாட்டுவோம். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் காப்புப்பூச்சு அதில் கெட்டுப்போகிறது, இரும்பு இழப்பு கூடுகிறது. ஒவ்வொரு முறை வைண்டிங் செய்யும்போதும் மோட்டார் கொஞ்சம் கிழடாகிறது. அடுத்தது குழாய். ஒரே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு, குழாய் விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் மாறும். இரண்டு அங்குலத்தை இரண்டரை ஆக்கினால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும்! 1980களிலேயே குஜராத்தில் எஸ்.எம்.படேல் என்பவர் வயல்களில் ஆய்வு செய்து, புட்வால்வையும் குழாயையும் மாற்றினாலே கணிசமாக மின்சாரம் மிஞ்சும் என்று காட்டியிருக்கிறார். எங்கள் கடைக்கு வருகிற யாருக்கும் இது தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் எங்கள் கடைக்கு வருவதில்லை.

2001ஆம் வருடத்து எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்படி 2002ல் எரிசக்தித் திறன் செயலகம் வந்தது. 2006ல் ஸ்டார் முத்திரை வந்தது. ஃபேன், ஃபிரிட்ஜ் போல விவசாயப் பம்ப்செட்டுக்கும் ஸ்டார் உண்டு. நல்ல காரியம். ஆனால் அந்த ஸ்டார், சோதனை மேடையில் ஓடிய புதுப் பம்புக்குக் கொடுத்தது. நூறடிக்கு ஏற்ற பம்பை நாற்பதடிக் கிணற்றில் மாட்டினால் ஐந்து ஸ்டாரும் அம்போதான். 2019ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்ப்செட்டுக்கு மானியம் தருகிறார்கள். குழாயையும் பம்பையும் கிணற்றுக்கு ஏற்றபடி சரிபார்த்துவிட்டு மாட்டினால் குறைந்த தகடுகளே போதுமே!

இதற்கு நான் கேட்பது பெரிய ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஒரு 200 லிட்டர் பேரல், ஒரு கைக்கடிகாரம், கயிற்றில் கட்டிய கல், நம் லேபில் இருக்கிற டாங் டெஸ்டரும் இரண்டு வாட்மீட்டரும். பேரல் 50 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 4 லிட்டர். மொத்த ஏற்றம் 25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 4, 25, 9.81 மூன்றையும் பெருக்கினால் 981 வாட். மோட்டார் 4 கிலோவாட் இழுத்தால், போட்ட நாலு ரூபாயில் ஒரு ரூபாய்தான் தண்ணீராக வந்தது என்று அர்த்தம். மாவட்டந்தோறும் பாலிடெக்னிக் இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்களுக்குப் பஸ் கட்டணமும் கருவியும் கொடுத்து, ஆளுக்குப் பத்துக் கிணறு என்று அரசே ஒப்படைக்கட்டுமே! முடிவை ஒரே தாளில், தமிழில் எழுதி மோட்டார் அறையிலேயே ஒட்டட்டும். குழாயை மாத்தணுமா, புட்வால்வா, பம்பேவா என்று அந்த விவசாயிக்குத் தெரிந்தால் போதும்.

பெரியவர்கள் ஒரு பயத்தைச் சொல்கிறார்கள். "இன்னிக்கு அளக்க வருவான், நாளைக்கு மீட்டர் மாட்டுவான், மறுநாள் பில் வரும்." அந்தப் பயம் நியாயமானது. ஆகவே இந்த அளவுகளை மின்வாரியத்தின் கட்டணக் கணக்கோடு சேர்க்கக் கூடாது என்று அரசாணையிலேயே எழுத வேண்டும். இன்னொன்றும் உண்டு, இதை நம் ஆட்கள் பேசுவதே இல்லை. நல்ல பம்பை மாட்டிவிட்டு அதே ஆறு மணி நேரம் ஓடவிட்டால் கிணறு சீக்கிரம் வற்றிப்போகும். அதனால் கரண்டை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால் பாதி வேலைதான். தண்ணீர் மட்டத்தையும் மாதாமாதம் குறிக்க வேண்டும்.

அரசாணை வருகிறபோது வரட்டும். இந்த வருட ப்ராஜெக்டுக்கு எலக்ட்ரிகல் பிரிவில் நாங்கள் மூன்று பேர் இதையே எடுத்திருக்கிறோம். அப்பா வேலை பார்க்கும் தோட்டத்து முதலாளியும் சம்மதித்துவிட்டார். குழாய்க் கணக்கு தெரிந்த ஒருவர் மெக்கானிக்கல் பிரிவிலிருந்து தேவை. சைக்கிள் இருந்தால் நல்லது.