காலமும் ஒரு காணிக்கையே

நல்ல சமாரியன் உவமையை அறியாத கிறிஸ்தவக் குடும்பம் இல்லை. அவன் காயத்துக்கு வார்த்த எண்ணெயும், சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு வெள்ளிக்காசும் நம் நினைவில் நிற்கின்றன. ஆனால், மறுநாள் புறப்படும்வரை அடிபட்டவனோடு அவன் தங்கிய ஓர் இரவை நாம் மறந்துவிடுகிறோம். காசினும் அரியது அந்த இரவே.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்ததோடு அமையவில்லை. தமிழைக் கற்றார், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார், தமிழிலேயே வைத்தியம் பயிற்றினார். பிறர் மொழியைக் கற்றுத் தேர ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டுகளை அவர் மனமுவந்து ஈந்தார். 1884இல் தம் நாட்டில் மறைந்த அவருடைய கல்லறை, அவரைத் தமிழருக்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்றே குறிக்கின்றது.

காணிக்கை இடுதல் எளிது. அயல்வீட்டு முதியவர் அருகில் அமர்ந்து, அவர் பத்தாம் முறை சொல்லும் கதையைப் பொறுமையோடு கேட்டல் கடினம். மாணவர்களே, பாடத்திற் பின்தங்கிய தோழனுக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குவதும் அத்தகையதே. கொடுத்த காசை மீண்டும் ஈட்டலாம். கொடுத்த நாழிகை மீளாது. ஆதலினாலேயே அது மேலான ஈகை.