ஜப்பானில் ஒரு வருடம்: நம் பிள்ளைகளுக்கு எப்போது?

கோவையைச் சுற்றியுள்ள பெரிய தனியார் கல்லூரிகள் சேர்க்கை நேரத்தில் முன்வைக்கும் பெருமைகளில் ஒன்று, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். பட்டப்படிப்பின் நடுவில் ஒரு பருவமோ ஒரு வருடமோ அங்கே போய்ப் படித்துவிட்டு வரலாம் என்பார்கள். இதற்கு மாணவர் பரிமாற்றம் என்று பெயர். அன்னூர், அவிநாசி, தாராபுரம் பக்கத்து வளவுகளிலிருந்து காலையில் டவுன் பஸ் ஏறி அரசு கலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பார்கள்?

வெளிநாட்டுப் படிப்பு என்றாலே பல லட்சம் ரூபாய் கடன் என்று நாம் நினைக்கிறோம். பரிமாற்ற வருடம் அப்படிப்பட்டதல்ல. இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டால், மாணவர் தன் சொந்தக் கல்லூரிக்குக் கட்டும் கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். ஜப்பானியப் பல்கலைக்கழகம் தனியாகக் கல்விக் கட்டணம் வாங்காது. அங்கே முடித்த பாடங்களின் மதிப்பெண் இங்குள்ள பட்டத்தில் சேரும். தேர்வாகும் மாணவர்கள் சிலருக்கு ஜாசோ என்ற ஜப்பானிய மாணவர் உதவி அமைப்பு மாதம் 80 ஆயிரம் யென் தருகிறது. நம் பணத்தில் ஏறத்தாழ 45 ஆயிரம் ரூபாய். அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை பகுதி நேர வேலையும் பார்க்கலாம்.

அதாவது, வெளிநாட்டுப் படிப்புகளிலேயே ஏழைப் பிள்ளைக்கு மிகவும் எட்டக்கூடியது இதுதான். ஆனால் இது போய்ச் சேருவது, ஏற்கெனவே எல்லாம் எட்டிய வீடுகளுக்கு.

காரணம் வெளிப்படை. ஒப்பந்தம் இருக்கும் கல்லூரியில் படித்தால்தான் பரிமாற்றம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது அரசு கலைக் கல்லூரியிலும், பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட சிறிய கல்லூரிகளிலும். அடுத்து மொழி. ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகையில், இளநிலை மாணவர்கள் ஒரு வருடம் அங்கே தங்கிப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. மாதம் 1 லட்சத்து 17 ஆயிரம் யென், விமானச் செலவு, கட்டண விலக்கு எல்லாம் உண்டு. ஆனால் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படிப்பவர்களுக்குத்தான் அது. நம் பக்கத்து அரசு கலைக் கல்லூரிகளில் அப்படியொரு பட்டப்படிப்பு கிடையாது.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் வேண்டிய பணம். பாஸ்போர்ட், விமான டிக்கெட், முதல் மாத வாடகை, வங்கியில் காட்ட வேண்டிய இருப்பு. உதவித்தொகை கைக்கு வருவது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான். அதுவரைக்குமான பணம் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் அம்மாவிடம் எப்படி இருக்கும்?

இங்கேதான் அரசு வர வேண்டும். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் 125 இடங்கள். அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இரண்டும் நல்ல திட்டங்கள். ஆனால் இரண்டுமே முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும். இளநிலையில் ஒரு வருடம் வெளியே போக விரும்பும் பிள்ளைக்கு இரண்டிலும் இடமில்லை. முதுநிலைக்கு வெளிநாடு போகும் துணிச்சல் யாருக்கு வரும்? பத்தொன்பது, இருபது வயதில் ஒருமுறை வெளியே போய் வந்தவர்களுக்குத்தான். முதல் படியே இல்லாத ஏணியை வைத்துக்கொண்டு, பட்டியல் சாதி மாணவர்கள் விண்ணப்பிக்க முன்வருவதில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

வெளியே போய் வருவது என்ன செய்யும் என்பதற்கு நமக்கு அம்பேத்கரைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனவர், அங்கே முதல்முறையாகத் தீண்டாமை இல்லாத ஒரு வாழ்க்கையைப் பார்த்தார். 1917-ல் பரோடா வேலைக்குத் திரும்பியபோது தங்க ஓர் அறை கிடைக்காமல், அடையாளத்தை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கி, அங்கிருந்தும் விரட்டப்பட்டார். தான் அனுபவித்த வாய்ப்பு தன்னோடு நின்றுவிடக் கூடாது என்று 1942-ல் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில், நம் பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்க அரசே உதவ வேண்டும் என்று கேட்டார். இன்றைய திட்டங்களுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது.

சரி, ஜப்பான் எதற்கு? அந்த நாட்டுக்கும் நமக்கும் இன்னொரு உறவு உண்டு. அங்கே புராக்குமின் என்று அழைக்கப்படும் மக்கள் இருக்கிறார்கள். தோல் வேலை, இறைச்சி வெட்டுதல், பிணம் தொடர்பான வேலைகளைச் செய்ததால் தீட்டு என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள். நிறத்திலோ மொழியிலோ மதத்திலோ மற்ற ஜப்பானியர்களிடமிருந்து எந்த வேறுபாடும் இல்லாதவர்கள். கொங்கு மண்ணில் கவலை இறைக்கத் தோல் வேலை செய்து கொடுத்துவிட்டு, அதே கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாமல் நின்ற அருந்ததிய மக்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

1871-ல் அரசாணை போட்டு அந்த ஒதுக்குதலை ஒழித்ததாக ஜப்பான் அறிவித்தது. ஆணை வந்ததே தவிர, இழிவு போகவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் அந்த மக்களே கூடி சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மற்றவர்களின் இரக்கத்தால் அல்ல, தங்கள் சொந்தப் பலத்தால் விடுதலை பெறுவோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1961-ல் கோச்சி பகுதியில் நாகஹாமா என்ற ஊரில் புராக்குத் தாய்மார்கள், கட்டாயக் கல்வி என்றால் பாடப்புத்தகத்தை இலவசமாகக் கொடு என்று போராடினார்கள். 1963-ல் அதற்குச் சட்டம் வந்தது. இன்று ஜப்பானில் எந்தச் சாதாரணக் குழந்தையும் கட்டாயக் கல்வியில் புத்தகத்துக்குக் காசு கொடுப்பதில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் கேட்டது ஊருக்கே கிடைத்தது.

இன்னொன்றும் நடந்தது. புராக்கு மக்கள் வாழும் இடங்களின் பெயர்களைத் தொகுத்து ரகசியப் பட்டியலாக விற்றதும், வேலைக்கு விண்ணப்பித்தவரின் முகவரியைப் பார்த்துக் கழித்துவிடப் பல பெரிய நிறுவனங்கள் அதை வாங்கியதும் 1975-ல் வெளியே வந்தது. நம் முகவரியும் நம்மைக் காட்டிக்கொடுப்பதுதானே? அதனால்தான் ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது நாம் வரவேற்றோம். சாதி என்பது நம் தலையெழுத்தல்ல, மனிதர்கள் கட்டியது, மனிதர்களால் இடிக்கக் கூடியது என்பதை வேறொரு நாட்டில் நின்று பார்க்கும் பிள்ளை ஊருக்குத் திரும்பும்போது வேறு ஆளாகத் திரும்பும்.

விடுதியில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, உதவித்தொகை தாமதமாக வருகிறது, இதில் ஜப்பான் ஒரு கேடா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆதிதிராவிடர் நல விடுதிகளைச் சீர்செய்யும் போராட்டத்தை யாரும் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நமக்கு அடிப்படை வசதி மட்டும் போதும், மேலே உள்ளதெல்லாம் மற்றவர்களுக்கு என்று நாமே பிரித்துக்கொண்டால், அது அவர்கள் பிரித்த பிரிவினைதான்.

இன்னொரு அவசரமும் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியாவும் ஜப்பானும் 5 ஆண்டுகளில் 5 லட்சம் பேர் இரு நாடுகளுக்கும் இடையே போய்வர வழி செய்வதாக அறிவித்தன. அதில் இந்தியாவிலிருந்து போகும் திறன் பெற்றவர்கள் 50 ஆயிரம் பேர். முதியோர் பராமரிப்புக்கும், கட்டட வேலைக்கும், ஆலை வேலைக்கும் ஜப்பானுக்கு ஆள் வேண்டும். ஏஜென்ட்டுகள் நம் ஊர்களுக்கும் வருவார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கேயும் உழைப்பாளியாக மட்டும் போக வேண்டுமா? மாணவராகவும் போக வேண்டாமா?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. அம்பேத்கர் பெயரிலான மாநிலத் திட்டத்தில் இளநிலைப் பரிமாற்ற வருடத்தையும் சேர்க்க வேண்டும்; பயணச் செலவை முன்பணமாகத் தர வேண்டும். பாரதியார் பல்கலைக்கழகம் செய்யும் வெளிநாட்டு ஒப்பந்தங்களில், இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கும் இடம் வேண்டும். அந்த இடங்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும், அருந்ததியருக்கான 3 சதவீத உள்ஒதுக்கீடு உட்பட. வெளியே படிக்கும் ஆண்டில் இங்குள்ள கல்வி உதவித்தொகை நிற்காது என்று அரசாணை வேண்டும். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் தொடங்கி வைக்கப்பட்ட கோவை அரசு கலைக் கல்லூரியிலேயே மாலை நேர ஜப்பானிய வகுப்பு ஒன்றைத் தொடங்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசாணை வரும்வரை காத்திருக்காதீர்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் மெக்ஸ்ட்டின் முழு இளநிலைப் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் ஜப்பானியத் தூதரக இணையதளத்தில் வரும். ஜப்பானிய மொழித் தேர்வில் கடைநிலையான என்5-ஐ ஆறு மாத உழைப்பில் தொட முடியும். சாதிச் சான்றிதழ் எடுப்பது போலப் பாஸ்போர்ட்டையும் முதலாம் ஆண்டிலேயே எடுத்து வையுங்கள். ஏஜென்ட் கையில் பணம் கொடுக்காதீர்கள். நாளைக்குக் கல்லூரிக்குப் போனதும் முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்: நம் கல்லூரிக்கு எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, அதில் இதுவரை யார் போனார்கள்? பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்தான் கட்டணம்.