வழி கேட்கத் தெரிந்தால் தரகுப் பணம் மிஞ்சும்

தென்கொரியாவுக்குத் தொழிலுக்குச் செல்லும் எமது இளைஞன் விமானம் ஏறுவதற்கு முன் கொரிய மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். இலங்கையும் தென்கொரியாவும் 2004ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின் கீழ் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோருக்கு இது கட்டாயம். வாசிப்பு, கேட்டல் என்று அதில் இரண்டு பகுதிகள். சம்பளத்துக்குப் போகிறவன் மாதக்கணக்கில் மொழி படிக்கிறான். சொந்த முதலை எடுத்துக்கொண்டு அதே நாட்டுக்குச் சரக்கு வாங்கப் போகும் வியாபாரியோ ஒரு வசனமும் படிப்பதில்லை. "ஆங்கிலம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, போதாதா?" என்கிறார்.

போதாது என்பதே எமது கருத்து. ஏன் என்று கணக்குப் பார்ப்போம்.

சியோல் நகரில் வெளிநாட்டு வியாபாரிகள் அதிகம் நாடும் சந்தைகள் இரண்டு. ஒன்று தொங்தேமூன், மற்றது நாம்தேமூன். 'தொங்' என்றால் கிழக்கு, 'நாம்' என்றால் தெற்கு, 'தேமூன்' என்றால் பெரிய வாசல். பழைய நகர மதிலின் வாசல்களை வைத்து வந்த பெயர்கள் இவை. நாம்தேமூனில் சிறுவர் ஆடைகளும் அலங்காரப் பொருட்களும் பிரசித்தம். தொங்தேமூனில் ஆயத்த ஆடை மொத்த வியாபாரம் இரவில் தொடங்கி விடியும் வரை நடக்கும். மாடி மாடியாக நூற்றுக்கணக்கான சிறு கடைகள்.

இங்கேதான் புதியவர் தடுமாறுகிறார். சுரங்க ரயிலில் தொங்தேமூன் என்ற பெயரில் தொடங்கும் நிலையங்கள் இரண்டு அடுத்தடுத்து உள்ளன. துணி, பட்டன், லேஸ் விற்கும் பெரிய கட்டடத் தொகுதி தொங்தேமூன் நிலையத்தை ஒட்டியிருக்கிறது. ஆயத்த ஆடைக் கட்டடங்கள் பல, அடுத்ததான 'தொங்தேமூன் வரலாறு கலாசாரப் பூங்கா' நிலையத்துக்குக் கிட்டவே உள்ளன. அந்த நிலையத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட வெளிவாசல்கள். தவறான வாசலால் மேலே வந்தால் அகலமான வீதி ஒன்றின் மறுகரையில் நிற்பீர்கள்.

வழி தெரியாதவர் என்ன செய்வார்? வழிகாட்டி ஒருவரைப் பிடிப்பார். வழிகாட்டிகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால், எந்த நாட்டுச் சந்தையிலும் வழிகாட்டி கூட்டிச் செல்லும் கடையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும் என்பதை வியாபாரிக்கு நாம் விளக்கத் தேவையில்லை. அந்தப் பங்கு உங்கள் கொள்விலையில்தான் ஏறும். அதைவிடப் பெரிய நட்டம், பக்கத்து மாடியில் அதே சரக்கு என்ன விலை என்பது உங்களுக்குத் தெரியாமலே போவது.

இனி மொழிக்கு வருவோம். தமிழ் பேசுகிறவருக்குக் கொரிய வசனம் வளைந்து கொடுக்கும். 'சந்தைக்கு எப்படிப் போவது?' என்பதைக் கொரியர் 'ஷிஜாங்எ ஒத்தொக்கெ காயோ?' என்கிறார். ஷிஜாங் என்பது சந்தை. எ என்பது எமது 'கு' வேற்றுமை. ஒத்தொக்கெ என்பது எப்படி. காயோ என்பது போவது. சொல்லுக்குச் சொல் அதே ஒழுங்கு. ஆங்கிலத்தில் யோசித்துக் கொரியம் பேச முயல்வதுதான் கஷ்டம். முடிவில் வரும் 'யோ' மரியாதைக்குரியது. அதை விழுங்கிவிட்டால் வயதில் மூத்தவரை 'நீ' என்று அழைத்தது போலாகும்.

இன்னுமொரு பொருத்தம். இங்கே, அங்கே என்ற இரண்டு மட்டுமன்றி, கேட்பவர் நிற்கும் இடத்தைக் குறிக்க 'உங்கே' என்று யாழ்ப்பாணத்தார் சொல்வார்கள். கொரியத்திலும் யொகி, கொகி, ஜொகி என்று மூன்று உண்டு. இங்கே, உங்கே, அங்கே என்று அப்படியே பொருந்தும்.

ஆனால், கேள்வியைப் பாடமாக்குவதோடு நின்றுவிடுவதே பலர் விடும் பிழை. அழகாகக் கேட்பார்கள், பதில் மழைபோல் வரும்போது விழிப்பார்கள். கேள்வி ஒன்றுதான், பதிலோ ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே படிக்க வேண்டியது பதிலைத்தான். 'ஒருன்ஜொக்' வலப்பக்கம், 'வென்ஜொக்' இடப்பக்கம். இரண்டின் வாலும் ஒன்றே, அதனால் தலையைக் கவனிக்க வேண்டும். 'தொக்பாரோ' என்றால் நேராக. 'சுல்கு' என்றால் வெளிவாசல்.

கொரியாவில் பழைய முகவரி முறையில் காணி பதியப்பட்ட ஒழுங்கில் இலக்கம் கொடுக்கப்பட்டது. எனவே 10ஆம் இலக்கத்துக்குப் பக்கத்தில் 11 இருக்கும் என்று சொல்ல முடியாது. வீதிப் பெயர் முகவரி 2014 முதல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்றும் ஆட்கள் வழி சொல்வது ரயில் நிலைய வாசல் இலக்கத்தையும், வங்கி, மருந்துக்கடை போன்ற அடையாளங்களையும் வைத்துத்தான். வாசலுக்கும் மாடிக்கும் சொல்லும் இலக்கங்கள் இல், இ, சாம், சா, ஓ, யுக், சில், பால், கு, சிப். ஒன்று முதல் பத்து இவ்வளவுதான். விலை சொல்வதும் இதே இலக்கங்களில்தான். பத்தாயிரம் அவர்களுக்கு 'மான்'. 'சாம்மான் வொன்' என்றால் முப்பதாயிரம் வொன். வழி கேட்கப் படித்தவருக்குப் பேரம் பேசவும் பாதி வந்துவிடும்.

நாம் அறிந்த பெயர் அங்கே செல்லுபடியாகாத இடமும் உண்டு. ஜும்ஆவுக்கு நேரமாகிவிட்டது என்று 'மஸ்ஜித் எங்கே?' என்றால் வழியில் போகும் கொரியர் கையை விரிப்பார். 'இசுல்லாம் சாவொன்' என்று கேட்க வேண்டும். சியோல் மத்திய பள்ளிவாசல் 1976இல் திறக்கப்பட்டது. இதேவொன் நிலையத்தின் 3ஆம் வாசலால் வெளியேறி மேட்டில் ஏற வேண்டும்.

போனைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால், வரைபடத் தரவுகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இருந்த கட்டுப்பாட்டால் கூகுள் வரைபடம் அங்கே நீண்ட காலம் நடைவழியை ஒழுங்காகக் காட்டவில்லை. அந்நாட்டவர் பாவிப்பது நேவர், காகாவோ வரைபடங்களை. அவற்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1330 என்ற சுற்றுலா உதவி இலக்கத்தில் ஆங்கிலத்திலும் பேசலாம். இருந்தும் நள்ளிரவில் மூட்டை சுமந்து ஓடும் ஆள் உங்கள் போன் மொழிபெயர்க்கும்வரை நிற்கமாட்டார்.

எங்கே படிப்பது? கொரியாவில் வேலை செய்து திரும்பியவர்கள் இன்று எமது ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஒருவருக்கு உரிய கூலி கொடுத்து இரண்டு வாரம் மாலை நேரத்தில் இருத்திப் படியுங்கள். நாம் இங்கே தமிழில் எழுதிக் காட்டிய ஒலிகள் கிட்டத்தட்டதான். சரியான உச்சரிப்பை அவர் வாயால் கேட்க வேண்டும். அவரை வேகமாகப் பதில் சொல்லச் சொல்லி நீங்கள் வழியைக் கடதாசியில் கீறிக் காட்டுங்கள். கொரிய எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். சேஜோங் மன்னர் சாதாரண மக்களுக்காக உருவாக்கி 1446இல் வெளியிட்ட அந்த எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. பலகையை வாசிக்கத் தெரிந்தவர் பாதி வழியை எவரிடமும் கேட்கத் தேவையில்லை.

முதற் பயணத்தில் வழிகாட்டி இருக்கட்டும். இரண்டாம் பயணத்திலும் அவர் பின்னாலேயே நடந்தால், கொள்வனவு செய்பவர் நீங்களா அவரா என்பதை யோசிக்க வேண்டும். டிக்கட் போடும் நாளிலேயே இந்தப் படிப்பையும் தொடங்கிவிடுங்கள். அதற்குச் செலவாகும் பணத்தையும் முதலின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.