எத்தனை வெள்ளைக் கொக்கு?

மாரி மழை நன்றாகப் பெய்துவிட்டால் பாலையூற்றில் தாழ்ந்த வளவுகள் சிறு குளங்களாகிவிடுகின்றன. ஊற்றைப் பெயரிலேயே தாங்கும் ஊருக்கு அது பொருத்தந்தான். கிணற்றடிக்குப் பின்னால் முழந்தாளளவு நீர் தேங்கினாற் போதும். சில நாட்களில் விருந்தினர் வந்து சேர்வர். பிள்ளைகளைக் கேட்டால், "கொக்கு வந்திருக்கின்றது" என்பார்கள். எந்தக் கொக்கு என்று திருப்பிக் கேட்டால், "வெள்ளைக் கொக்கு" என்பதோடு விடை முடிந்துவிடும். பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. நம் பழைய அகராதிகளும் பல இடங்களில் "ஒருவகைப் புள்" என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடுகின்றன.

வெள்ளைக் கொக்கு என்பது ஒரு பறவையன்று, நான்கு. அவற்றைப் பிரித்தறிய நிறம் உதவாது. அலகையும் காலையும் நோக்க வேண்டும். அலகும் காலும் கறுத்து, பாதம் மாத்திரம் மஞ்சட் காலுறை அணிந்தாற்போல் இருந்தால் அது சின்ன வெண்கொக்கு. ஒரு காலால் சேற்றைக் கலக்கி, வெருண்டு வெளிப்படும் சிறு மீனை அது கொத்துவதைக் காணலாம். குறுகிய கழுத்தும் மஞ்சள் அலகுமாய் மாட்டின் பின்னே நடப்பது உண்ணிக்கொக்கு. நீர் அதற்கு அத்துணை முக்கியமன்று. மாட்டின் குளம்படியிற் கிளம்பும் வெட்டுக்கிளியே அதற்கு விருந்து. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சள் பூண்டுவிடும்.

எஞ்சிய இரண்டுமே சற்றுக் கடினமானவை. பெரிய வெண்கொக்கும் நடுத்தர வெண்கொக்கும் அருகருகே நின்றால் உயரத்தால் அறியலாம். தனித்து நின்றாலோ உயரம் நம்மை ஏமாற்றும். அப்பொழுது வாயின் பிளவைப் பாருங்கள். அக்கோடு கண்ணையுந் தாண்டிப் பின்னே சென்றால் பெரியது; கண்ணின் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரமானது. இதற்குத் தொலைநோக்கி வேண்டும். அஃது இல்லாதார் பறவை அருகே வரும்வரை அசையாதிருக்கப் பழகுதலே வழி.

இவற்றினும் பெரிய கள்ளன் குளத்துக் கொக்கு. மடையான் என்பதும் இதுவே. கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, சேற்றோடு சேறாய்க் கரையோரம் அமர்ந்திருக்கும். நாம் இரண்டடி நெருங்கியதும் எழும். அக்கணமே சிறகெல்லாம் தூய வெண்மை! மண்ணிறப் பறவை எங்கே போயிற்று என்று முதன்முறை பார்ப்பவர் திகைப்பர். பறக்கும்போது இன்னொன்றையுங் கவனிக்கலாம். கொக்கினம் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும்; சங்குவளை நாரையும் நத்தைகுத்தி நாரையும் நீட்டிக்கொண்டு பறக்கும். சாம்பல் நாரை கழுத்தை மடித்தே செல்வதால், பெயரால் நாரையாயினும் இனத்தால் அது கொக்கேயாகும்.

புதரோரம் வெண்முகமும் வெண்மார்புமாய், குறுவாலை ஆட்டி அதனடியிலுள்ள செந்நிறத்தைக் காட்டி நடப்பது கானாங்கோழி. மழையிரவில் நம் உறக்கத்தைக் கெடுப்பதும் அதுவே. மின்கம்பியில் செவ்வலகோடு அமர்ந்திருக்கும் பெரிய மீன்கொத்தி மீனை நம்பி வாழ்வதன்று. பல்லி, வெட்டுக்கிளி எதனையும் விடாது. நீரில் அம்பெனப் பாயும் சின்னஞ்சிறு நீலப் பறவையே பெயருக்கேற்ற மீன்கொத்தி. ஆட்காட்டியைப் பற்றி நாம் கூற வேண்டியதில்லை; தான் வந்ததை அதுவே ஊருக்குக் கூறிவிடும்.

இவ்வாறு பார்த்து எழுதிவைக்கும் வழக்கம் திருகோணமலைக்குப் புதிதன்று. பீரங்கிப் படை அதிகாரியாக 1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றிய வின்சென்ட் லெக், கொழும்பிலும் பின்னர் இங்கும் இருந்து பறவைகளை ஆராய்ந்தார். 1878 முதல் 1880 வரை வெளிவந்த அவருடைய பெருநூல் அதன் பயனே. 1955இல் ஜி. எம். ஹென்றி தாமே ஓவியந் தீட்டி, இலங்கைப் பறவைகளுக்கு வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டார். மாணவர்க்கு ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நாள், இடம், அலகு, கால், செய்கை ஆகியவற்றை எழுதுக. பெயர் தெரியாவிடின் அந்த இடத்தை வெறுமையாக விடுக. பெயரைப் பின்னரும் நிரப்பலாம். ஊகித்து எழுதிய பெயரோ குறிப்பு முழுவதையும் கெடுத்துவிடும்.

ஆனால், எழுதுவதற்குக் குளம் இருக்க வேண்டுமே! "நுளம்பு பெருகும், மண் போட்டு நிரவிவிடுங்கள்" என்று அயலார் நமக்குப் புத்தி கூறுகின்றனர். அவர்களது அச்சம் வீணன்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். நம் மாவட்டத்துக் கிண்ணியா அப்போது பட்ட துயரை நாம் அறிவோம். ஆயினும் டெங்கு நுளம்பு நாடுவது பெரும்பாலும் திறந்த குளத்தையன்று. சிரட்டை, தகரப் பேணி, பழைய ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட கூரைப் பீலி ஆகியவற்றில் தேங்கும் சிறு நீரே அதற்குத் தொட்டில். மீனும் தும்பியின் குடம்பிகளும் வாழும் குளத்தில் நுளம்பின் குடம்பிகள் அவற்றுக்கு இரையாகும். நீர் வற்றி, மீனின்றி எஞ்சும் சேற்றுக்குழிகளே ஐயத்துக்குரியவை; அவற்றைத் தாராளமாக நிரவலாம். குளம் முழுவதையும் நிரவினால் மாரிநீர் மறைந்துவிடாது. அடுத்த வீட்டு அடுப்படிக்குப் போகும்.

நம் வளவில் பேணிகளையும் சிரட்டைகளையும் ஞாயிறுதோறும் தேடிக் கவிழ்ப்பது பிள்ளைகளின் பொறுப்பு. குளத்தை நிரவும் பேச்சு இம்மாரி முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டிருக்கின்றது.