‘சின்ன நாய்தானே மாப்ள’ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கடுதாசி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கும் எழுதுற ஐடியா இல்ல. காலையில வந்த ஒரு போன்தான் எழுத வச்சிருச்சு.

கூடப் படிச்ச பய ஒருத்தன். ஐயர் பங்களா பக்கம் புது அபார்ட்மென்ட் வாங்கிக் குடி போயிருக்கான். "மாப்ள, பாப்பாவுக்கு அஞ்சாவது பிறந்தநாள் வருது. ஒரு டச் ஹவுண்ட் வாங்கிக் கொடுக்கலாம்னு இருக்கேன். உன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல, எங்கிட்டு வாங்குன? சின்ன நாய்தானே, மெயின்டனன்ஸ் கம்மின்னு சொல்றாய்ங்க"ன்னான்.

கெட்ட வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. பாப்பா பேரைச் சொன்னதால முழுங்கிட்டேன். முழுங்குனதுதான் இங்க பதிவா வருது. படிச்சுட்டுத் திட்டுறவங்க பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம்.

முதல்ல அது டச் ஹவுண்ட் இல்லய்யா. ஹாலந்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. டாஷவுண்ட், ஜெர்மன்காரன் நாய். அவங்க பாஷையில ‘டாக்ஸ்’னா பேட்ஜர், ‘ஹுண்ட்’னா நாய். பேட்ஜர்ங்கிறது மண்ணுல வளை தோண்டி வாழுற, நகமும் பல்லும் உள்ள முரட்டு மிருகம். அந்த வளைக்குள்ள இருட்டுல தனியா இறங்கி, அதைக் குரைச்சு, கடிச்சு, மடக்குறதுக்காகத் தலைமுறை தலைமுறையா பொறுக்கி எடுத்து உருவாக்குன நாய் இது. கால் குட்டையா இருக்கிறது வளைக்குள்ள நுழைய. நெஞ்சு அகலமா இருக்கிறது உள்ள போய் மூச்சு விட. குரல் உடம்புக்குச் சம்பந்தமில்லாம பெருசா இருக்கிறது, மண்ணுக்கு மேல நிக்கிற எஜமானுக்குக் கேட்க. இதுல எது உங்க சோபாவுக்கு மேட்ச்சா இருக்கும்னு செஞ்சது?

இந்த நாயைத்தான் நம்மூர்ல "அபார்ட்மென்ட்டுக்கு ஏத்தது"ன்னு விக்கிறாய்ங்க. பக்கத்து பிளாட்காரர் லிப்டுல ஏறுனா குரைக்கும். கொரியர்காரர் வந்தா குரைக்கும். எலி, அணில், கோழி எதைப் பார்த்தாலும் நீங்க கூப்பிடுறது காதுலயே விழாது. பிடிவாதம்னா பிடிவாதம், வளைக்குள்ள யாரையும் கேட்காம சொந்தமா முடிவெடுக்கணும்னு வளர்த்த பிடிவாதம். தொட்டி மண்ணு, மெத்தை, தலகாணி எல்லாத்தையும் தோண்டும். நான் இதைக் குறையாச் சொல்லல. அதோட வேலையே அதுதான். வேலையைத் தெரிஞ்சுக்காம ஆளை எடுத்துட்டு, அப்புறம் பெர்பாமன்ஸ் சரியில்லன்னு சொல்ற மேனேஜர் மாதிரி நாம நடந்துக்கிறோம்.

சரி, இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் முதுகுல இருக்கு.

பொட்டி தட்டுறவன் பாஷையில சொல்றேன். எஃப்ஜிஎஃப்4னு ஒரு மரபணு. எலும்பு வளர்ச்சியில அதுக்கு வேலை இருக்கு. நாய்களோட பரம்பரையில எப்பவோ ஒரு காலத்துல அதை யாரோ காப்பி பண்ணி வேற இடத்துல பேஸ்ட் பண்ண மாதிரி ஒரு கூடுதல் பிரதி உண்டாயிருச்சு. ஒரு பிரதி 18-வது குரோமோசோம்ல. கால் குட்டையாகிறதுக்கு இது காரணம்னு 2009-ல கண்டுபிடிச்சாங்க. இன்னொரு பிரதி 12-வது குரோமோசோம்ல. இதை 2017-ல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டாங்க. இந்த ரெண்டாவது பிரதி காலை மட்டும் குட்டையாக்குறது இல்ல, முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கையும் இளம் வயசுலயே காய வச்சுக் கெட்டியாக்கிருது. கெட்டியான டிஸ்க் ஒரு நாள் பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். ஐவிடிடின்னு சொல்ற வியாதி. டாஷவுண்ட்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு வாழ்நாள்ல ஏதோ ஒரு அளவுல இது வருது.

புரியுதா? எதைப் பார்த்து "அய்யோ, என்னா க்யூட்டு"ன்னு சொல்றோமோ, அந்த அழகும் அந்த நோயும் ஒரே கோட்ல இருந்து வருது. பக்கை எடுத்துட்டு பீச்சரை மட்டும் வச்சுக்க முடியாது.

இனி என் கதை.

2021 லாக்டவுன்ல வீட்ல இருந்து வேலை. போரடிச்சுது. ஒருத்தர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல குட்டி போட்டோ போட்டிருந்தார். பன்னெண்டாயிரம் ரூபாய். வண்டியில போய்ப் பால் கவர் வாங்குற மாதிரி வாங்கிட்டு வந்துட்டேன். குட்டிக்கு 35 நாள்தான் ஆகியிருந்துச்சு. தாய் எங்கன்னு கேட்கல. நீளமா இருக்கானேன்னு கூட்ஸ் வண்டின்னு பேர் வச்சோம். கூப்பிடும்போது ‘கூட்ஸு’.

எங்க வீடு வில்லாபுரத்துல. ஒண்ணேகால் சென்ட்ல மூணு மாடி. செங்குத்தான படி. தரை பூரா வழுக்குற டைல்ஸ். கூட்ஸு நாளைக்கு இருபது தடவை ஏறி இறங்குவான். அப்பத்தா பிஸ்கட்டா ஊட்டுவாங்க. நான் ரவைக்குப் புரோட்டா வாங்கிட்டு வந்தா பாதி அவனுக்கு. மூணு வயசுல பார்க்க உருண்டையா இருந்தான். எல்லாரும் "நல்லா வளர்த்திருக்கீங்க"ன்னாங்க. எனக்கும் பெருமைதான்.

2024-ல ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டிலுக்கு அடியில போய் உட்கார்ந்துகிட்டு நடுங்குனான். முதுகு வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. தூக்கப் போனா வீல்னு கத்துனான். அப்பத்தா வயித்து வலின்னு ஓமத்தண்ணி குடுத்தாங்க. எனக்கு அந்த வாரம் ரிலீஸ். "வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேம்மா"ன்னுட்டேன். புதன்கிழமை பின்னங்கால் பின்னிப் பின்னி நடந்தான். வியாழக்கிழமை பாதம் மடங்கி, மேல்பக்கம் தரையில தேய்ஞ்சுது. வெள்ளிக்கிழமை வெள்ளன எந்திரிச்சுப் பார்த்தா, முன்னங்காலால இடுப்பை இழுத்துக்கிட்டு என்னைப் பார்த்து வர்றான். வாலாட்ட முயற்சி பண்றான். வாலு ஆடல.

அன்னைக்கே காரை எடுத்துக்கிட்டு சென்னைக்கு ஓடினோம். அங்க டாக்டர் ஒரு காரியம் பண்ணார். பின்னங்கால் விரலை இடுக்கியால அழுத்திப் பிடிச்சார். கூட்ஸு திரும்பிக்கூடப் பார்க்கல. என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான்.

அந்த ஆழமான வலி உணர்வு இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணிட்டா பெரும்பாலும் திரும்ப நடக்கும். அது போயிருச்சுன்னா, சீக்கிரம் பண்ணாலும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். மணிக்கணக்குல முடிவாகுற விஷயத்தை நான் நாள் கணக்குல ஒத்திப் போட்டிருந்தேன். ஆபரேஷன் நடந்துச்சு. கால் திரும்ப வரல.

"படிக்கட்டாலயா டாக்டர்?"னு கேட்டேன். படிக்கட்டு மேல மட்டும் பழியைப் போட முடியாது, டிஸ்க் உள்ளுக்குள்ளயே கெட்டுக்கிட்டு இருந்திருக்கும்னார். எனக்கு ஒரு நிமிஷம் ஆறுதலா இருந்துச்சு. அடுத்த நிமிஷமே செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்துருச்சு. அதுக்கு ஜீன் மேல பழி போட முடியாதே.

இப்ப அவனுக்குத் தானா மூத்திரம் போகத் தெரியாது. நாளைக்கு மூணு நாலு தடவை வயித்தை அழுத்தி எடுக்கணும். விட்டா இன்பெக்ஷன். நாயே வேணாம்னு சொன்ன அம்மாதான் பாதி நாள் அதைச் செய்யுறாங்க. பிளாஸ்டிக் பைப்புல ரெண்டு சக்கரம் வச்சு வெல்டிங் பட்டறை வச்சிருக்கிற சித்தப்பா ஒரு வண்டி செஞ்சு குடுத்தார். அதைக் கட்டிவிட்டா கீரைக்காரம்மாவை இன்னும் குரைச்சு விரட்டுறான். அவன் சந்தோஷமாத்தான் இருக்கான். எனக்குத்தான் முடியல.

இப்ப சொல்லு மாப்ள, மெயின்டனன்ஸ் கம்மியா?

இதுல என் கோபம் நாய் மேல இல்ல. மூணு கூட்டத்து மேல.

ஒண்ணு, விக்கிறவங்க. 2017-ம் வருஷத்து நாய் இனப்பெருக்க விதிகள்படி, மாநில விலங்குகள் நல வாரியத்துல பதிவு பண்ணாம யாரும் நாய் வளர்த்து விக்கக் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது. பெட்டை நாய்க்கு 18 மாசம் ஆகாம இணை சேர்க்கக் கூடாது, ஆயுசுக்கு அஞ்சு ஈத்துக்கு மேல எடுக்கக் கூடாது. எனக்கு வித்தவர் இதுல முதல் ரெண்டையும் மீறினவர். கேட்காம வாங்குன நானும் கூட்டாளி. இதுல "ரேர் கலர்"னு புள்ளி போட்ட டேப்பிளுக்குக் கூட காசு. டேப்பிளையும் டேப்பிளையும் இணை சேர்த்தா, ரெண்டு பக்கமும் அந்த மரபணு வாங்கிப் பிறக்கிற குட்டிக்குக் கண்ணு, காது போற ஆபத்து இருக்குன்னு யாராவது சொல்றாய்ங்களா?

ரெண்டு, பேஷனுக்கு வாங்குறவங்க. 2003-ல ஹட்ச் விளம்பரத்துல பக் நாய் ஒரு சின்னப் பையன் பின்னாடியே ஓடுச்சு. நாடு பூரா பக் வாங்குச்சு. மூக்கு சப்பையான நாய் நம்ம வெயில்ல மூச்சு வாங்குறதை அதுக்கப்புறம்தான் பார்த்தோம். இப்ப ரீல்ஸ்ல டாஷவுண்ட். சலிச்சுப்போனா ரிங் ரோட்ல இறக்கி விட்டுட்டுப் போறது. 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி வளர்ப்பு மிருகத்தைக் கைவிடுறது குற்றம்தான். முதல் தடவை அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்ல இருந்து 50 ரூபாய் வரைக்கும். ரெண்டு வடை, ஒரு டீ.

மூணு, "வெளிநாட்டு நாயை எல்லாம் தடை பண்ணு, நாட்டு நாய் வாங்கு"ன்னு கிளம்புறவங்க. 2024-ல தமிழ்நாடு அரசு ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை கொண்டு வந்துச்சு. நம்ம தட்பவெப்பத்துக்கு ஒத்துவராதுன்னு பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பாசெட் ஹவுண்ட் மாதிரி 11 இனங்களைப் பட்டியல் போட்டாங்க. அது உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. அந்தப் பட்டியல்ல டாஷவுண்ட் இல்ல. வெயிலை மட்டும் பார்த்தா முதுகு கண்ணுல படாது. நாட்டு நாய் பத்தி எனக்கும் பெருமை உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் நம்ம பக்கத்துச் சொத்து. ஆனா கரிசக்காட்டுல முயல் விரட்ட வளர்த்த சிப்பிப்பாறையை எங்க வீடு மாதிரி ஒண்ணேகால் சென்ட்ல கட்டிப் போட்டா, அதுவும் அதே கொடுமைதான். நாடு மாறுது, தப்பு மாறல.

இவ்வளவுக்கு அப்புறமும் டாஷவுண்ட்தான் வேணும்னு நிக்கிறவங்களுக்குச் சிலது:

1. தாயைப் பாருங்க. முடிஞ்சா தகப்பனையும். அதுகளுக்கு முதுகுப் பிரச்சனை வந்திருக்கான்னு கேளுங்க. காட்ட மாட்டேன்னா நடையைக் கட்டுங்க.

2. எடை. விலா எலும்பு தடவுனா கையில தட்டுப்படணும். நடு வீட்டுல பிஸ்கட் டப்பா இருக்கக் கூடாது. சால்னா வேண்டவே வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். திராட்சை, சாக்லேட்டும் அப்படித்தான்.

3. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்பக்கத்துக்கு. முன்னங்காலைப் பிடிச்சுத் தொங்க விட்டுத் தூக்கவே கூடாது. அஞ்சு வயசுப் பாப்பாவைத் தூக்க விடாதீங்க. டைல்ஸ் மேல மிதியடி விரிங்க.

4. சித்திரை வெயில்ல நம்மூர்த் தார் ரோட்டுல இதுக்கு வயிறு வரைக்கும் அனல் அடிக்கும். விடியக்காலையும் பொழுது சாய்ஞ்சும்தான் நடை. உண்ணி மருந்து தவறக் கூடாது, உண்ணிக் காய்ச்சல் நம்ம பக்கம் சர்வசாதாரணம்.

5. நடுக்கம், முதுகு வளைவு, தூக்குனா கத்துறது, படி ஏற மறுக்கிறது, பின்னங்கால் தள்ளாட்டம். இதுல ஒண்ணு பார்த்தாலும் அன்னைக்கே டாக்டர். வீட்ல இருக்கிற மனுசங்க வலி மாத்திரையைக் குடுத்துராதீங்க, அதுவே கொல்லும். டாக்டர் கூண்டுல வச்சு ஓய்வுன்னா, வாரக்கணக்குல நிஜமாவே கூண்டுதான். கெஞ்சுதேன்னு திறந்து விடக் கூடாது.

6. 12-ல இருந்து 16 வருஷம் வாழுற நாய். மாப்ள, உன் பாப்பா காலேஜ் போற வரைக்கும் இருக்கும். பிறந்தநாள் பலூனுக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது.

கடைசியா அவன்கிட்ட இதத்தான் சொன்னேன். நாய் வேணும்னா உங்க தெருவுலயே நாலு குட்டி சாக்கடை ஓரமா நிக்கும். ஒண்ணைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊசி போட்டு வளர்த்துப் பாரு. அதுக்கு முதுகுல டைம் பாம் வச்சு யாரும் செய்யல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "அது இவ்வளவு க்யூட்டா இருக்காதே மாப்ள"ன்னான்.

போனை வச்சுட்டேன். கூட்ஸுக்கு மூத்திரம் எடுக்கிற நேரம் ஆயிருச்சு.

டிஸ்கி: "அப்ப நீ மட்டும் வச்சிருக்க?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: ஆமா, வச்சிருக்கேன். அதனாலதான் எழுதுறேன் :(