சப்தமில்லாத லாரி

சென்ற ஆடி மாதம் ஒரு நாள் காலை, நமது பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இடி இடித்தது. வானத்தில் மேகமில்லை. கரும்பலகையில் நாம் எழுதிக்கொண்டிருந்த சமன்பாடு பாதியில் நின்றது. பிள்ளைகள் நாற்பது பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்கள். இடியை உண்டாக்கியது ஒரு சின்ன லாரி. அதை ஓட்டி வந்தவர் பதினைந்து வருஷங்களுக்கு முன் அதே வகுப்பில் நம்மிடம் கணக்குப் படித்தவர். நம்மைக் கண்டதும் கை கூப்பினார். வாய் அசைந்ததைப் பார்த்தோம். அவர் சொன்ன வணக்கம் நம் காதுக்கு வந்து சேரவில்லை.

லாரியைக் குறை சொல்வதற்கில்லை. 1950-ஆம் வருஷத்து ஷெவர்லே. அரை டன் சுமப்பது. முகத்தில் ஐந்து குறுக்குப் பட்டைகள். அமெரிக்காவில் 1947 முதல் 1955 வரை இந்த ஜாதி வண்டிகள் செய்யப்பட்டன. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1928 முதல் 1954 வரை பம்பாயிலேயே ஒரு தொழிற்சாலை வைத்து, பாகங்களைப் பூட்டி வண்டிகளாக்கி விற்று வந்தனர். ஆதலால் ஷெவர்லே நம் தேசத்துச் சாலைகளுக்கு அந்நியமானதல்ல. நமது மாணவரின் பாட்டனார் இதை நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்தாரிடமிருந்து வாங்கினாராம். பிறகு இருபது வருஷம் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த வண்டியைப் பேரப்பிள்ளை அரும்பாடுபட்டு எழுப்பி நிறுத்தியிருக்கிறார்.

எல்லாம் சரியாகச் செய்தவர், புகைக்குழாய் விஷயத்தில் மட்டும் ஒரு பட்டறைக்காரரின் பேச்சைக் கேட்டார். "பழைய வண்டிக்குக் கம்பீரமே அதன் குரல்தான்" என்றாராம் அந்தப் பட்டறைக்காரர். கண்ணாடி இழை சுற்றிய நேர்க்குழாய் ஒன்றைச் சைலன்ஸர் என்ற பெயரில் மாட்டி, குழாயை ஓட்டுநர் அறைக்குச் சற்றுப் பின்னாலேயே அறுத்துவிட்டார். கம்பீரம் வேறு, கத்தல் வேறு என்பது நமது அபிப்பிராயம். 2000-ஆம் ஆண்டின் சப்த விதிகளின்படி பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பிரதேசமாக அறிவிக்கலாம் என்றும் அன்று மாலையே அவரிடம் சொன்னோம். சிரித்துக்கொண்டே, "பார்க்கிறேன் ஸார்" என்றார். மாணவர்கள் 'பார்க்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தம் ஆறு வயதுப் பெண்ணை அருகில் உட்கார்த்திக்கொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் மலைப்பாதையில் ஏறினார். குளிருக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தார்கள். பாதி வழியில் அவருக்குத் தலை வலித்தது. பெண் சாய்ந்து தூங்கிவிட்டாள்; தூங்கட்டும் என்று விட்டுவிட்டார். டீக் குடிக்க வண்டியை நிறுத்தி எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. கீழே இறக்கிக் காற்றில் கிடத்தியதும் கண் விழித்து வாந்தி எடுத்தாள். அன்றே வைத்தியரிடம் காட்டி, தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டாள்.

கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பெட்ரோல் என்ஜினின் பழைய புகையில் அது நூற்றுக்குச் சில பங்கு உண்டு. இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளை அது பிராண வாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். இந்த லாரியில் மானிபோல்டின் ஓரத்தில் காஸ்கெட் வெந்து போயிருந்தது. அங்கே கசிந்த புகை பெடல்களின் துவாரம் வழியாக உள்ளே வந்திருக்கிறது. அறையின் பின்னாலேயே முடிந்த குழாயும் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறது. கசிகிற மானிபோல்ட் குளிர்ந்த என்ஜினில் 'டிக் டிக்' என்று ஒலி செய்து எச்சரிக்கும். ஆனால் அந்த இடி முழக்கத்தில் அந்த டிக்கை யார் கேட்பது?

மறுவாரம் அவர் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். "ஸார், சப்தமே இல்லாமல் பண்ண வேண்டும்" என்றார். நாம் மெக்கானிக் அல்ல; ஆனால் சப்தம் கணக்குக்குக் கட்டுப்பட்டது.

இந்த என்ஜினில் ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை புகையைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 2000 சுற்று என்றால் நொடிக்கு 100 குத்துகள். இவ்வண்டியில் அது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர் வேகம். சூடான புகையில் ஒலி நொடிக்கு 500 மீட்டர் அளவில் ஓடும். ஆகவே ஓர் அலையின் நீளம் 5 மீட்டர். இத்தனை நீண்ட அலையைக் கண்ணாடி இழை தடுக்காது. அது கீச்சென்ற மேல் ஒலிகளைத்தான் விழுங்கும். நாளடைவில் இழையும் எரிந்து பறந்துவிடும். தாழ்ந்த முழக்கத்தை அடக்க விசாலமான பெட்டி வேண்டும். புகை அதில் புகுந்து விரிந்து, தட்டுகளில் மோதி, இரண்டு முறை திரும்பி வெளியேற வேண்டும். என்ஜினின் கொள்ளளவு மூன்றரை லிட்டர். 24 அங்குல நீளமும் 9-க்கு 4 அங்குல முட்டை வடிவமும் கொண்ட பெட்டி சுமார் 11 லிட்டர் கொள்ளும். மூன்று மடங்கு, போதும் என்று தீர்மானித்தோம்.

ஹிரம் மாக்ஸிம் 1884-இல் யந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து உலகத்தின் செவியைப் பிளந்தார். அவர் குமாரர் ஹிரம் பெர்ஸி மாக்ஸிமோ துப்பாக்கிக்குச் சைலன்ஸர் செய்து 1909-இல் உரிமை பெற்று, அதே யுக்தியை என்ஜின்களுக்கும் கொண்டு வந்தார். தகப்பனார் சப்தம் விற்றார். பிள்ளை மௌனம் விற்றார்.

ஸ்நேகிதர் ஒருவர் இரட்டைக் குழாய் வைக்கும்படி மாணவருக்கு யோசனை கூறியிருந்தார். வேண்டாம் என்றோம். மானிபோல்டை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று சிலிண்டர்கள். நொடிக்கு 50 குத்துகள். அலை இரட்டித்து 10 மீட்டராகும். அதை அடக்குவது இன்னும் கடினம். 2 அங்குல ஒற்றைக் குழாயே இந்த என்ஜினுக்குத் தாராளம்.

ஆனால் பெட்டி வாங்குவதற்கு முன் மானிபோல்டைக் கழற்றச் சொன்னோம். பல வருஷச் சூட்டில் அது வளைந்திருந்தது. சமதளமாக்கி, புதுக் காஸ்கெட் வைத்து முடுக்கினார்கள். பெடல் துவாரங்களுக்கு ரப்பர் இட்டார்கள். பிறகுதான் குழாய். அது பின் சக்கரத்தைத் தாண்டி, வண்டியின் கடைசி வரை போய் வலப்பக்கம் வாய் திறக்கிறது; இடப்பக்கம் ஜனங்கள் நடக்குமிடமல்லவா? குழாய் எங்கும் சட்டத்தைத் தொடாதபடி பழைய டயர் நாடாவில் தொங்கவிட்டார்கள். இரும்போடு இரும்பு பட்டால் வண்டி முழுவதும் வீணைக் குடமாகிவிடும். மாதம் இருமுறை மட்டும் ஓடும் வண்டியில் நீர் தேங்கித் துருப்பிடிக்குமாகையால், பெட்டியின் அடியில் ஊசித் துவாரம் ஒன்றும் உண்டு.

சோதனை நம் முன்னிலையில் நடந்தது. குளிர்ந்த என்ஜினைத் துவக்கி, வாலில் ஈரச்சாக்கைச் சில நொடிகள் அழுத்தி, மூட்டுகளில் சோப்பு நீர் தடவினார்கள். ஓரிடத்தில் நுரை எழும்பியது, மறுபடி முடுக்கினார்கள். ஓட்டிப் பார்த்தபோது 65-இல் மட்டும் ஒரு ரீங்காரம் மிஞ்சியது. வால் பக்கம் சிறிய இரண்டாவது பெட்டி வைத்ததும் அதுவும் தணிந்தது. "வண்டி இழுக்காது" என்று பயமுறுத்திய பட்டறைக்காரரின் வாக்கு பொய்த்தது. குன்னூர் மலையை அது முன்போலவே ஏறுகிறது; கண்ணாடிகள் இறக்கித்தான்.

சென்ற வியாழக்கிழமை லாரி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதைப் பிள்ளைகள் ஒருவரும் கவனிக்கவில்லை. மாணவர் இறங்கி வந்து, "ஸார், என்ஜினுக்குள் ஏதோ லேசாகத் தட்டுகிறது, இத்தனை நாள் கேட்டதே இல்லை" என்றார். உற்றுக் கேட்டோம். வால்வு இடைவெளி அதிகமாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை சரி பார்ப்பதாகச் சொல்லி, நம்மையும் அழைத்திருக்கிறார். பெண்ணும் உடன் வருகிறாளாம்.